குறைக்கவும்

அந்தத் தாளில் மொத்தம் பதினொரு வரி. சாப்பிடலாம் என்று ஆறு. மற்ற ஐந்தும் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பழச்சாறு. இந்த ஐந்துக்கும் எதிரே ஒரே சொல்லைத்தான் அச்சடித்திருந்தார்கள். குறைக்கவும். கிளினிக்கிலிருந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேனாவைத் தேடி எடுத்து, ஐந்து இடத்திலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘கூடாது’ என்று எழுதினாள். எழுதிய கையோடு தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டினாள்.

“குறைக்கச் சொல்லித்தானே போட்டிருக்கான்?” என்றார் புருஷன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே இருந்த புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரச்சிம்பு குத்திய புண். இரண்டு மாதமாகியும் ஆறாமல் இருந்ததால்தான் டாக்டரிடமே போனார்கள்.

“குறைக்கிறேன்ங்கிற பேச்சே இந்த வீட்டுல கிடையாது. அது உங்களுக்கே தெரியும்.”

அவருக்குத் தெரியும்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீட்டில் அதிகமாகப் புழங்கிய சொல் அதுதான். குறைச்சுக்கறேன். திங்கட்கிழமையிலிருந்து குறைச்சுக்கறேன். சம்பளத்தன்னிக்கு மட்டும்னு குறைச்சுக்கறேன். அதை நம்பி நம்பி அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஒருநாள் தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, புருஷனை உள் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஒன்பது நாள். மூன்றாம் நாள் அவர் கை ஆடிய ஆட்டத்தில் டம்ளரில் இருந்த தண்ணீர் முழுக்கச் சட்டையில்தான் கொட்டியது. “ஒரே ஒரு வாய் குடு. நடுக்கம் நின்னுடும்” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வாய் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். அவள் கொடுக்கவில்லை. தம்பி அவர் காலைப் பிடித்துக்கொண்டான், அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பத்தாம் நாள் காலையில் அவரே டம்ளரை எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு, “பசிக்குது” என்றார்.

அவள் வாழ்க்கையில் ஜெயித்தது அந்த ஒன்றுதான். படிப்பு பாதியில் நின்றது, பிள்ளை தங்கவில்லை, சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக அதே மேஜை. ஆனால் அந்த ஒன்பது நாள் அவளுடையது. அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குடியை விட்ட பிறகு அவர் மர மில்லில் பழைய பேரைத் திரும்ப எடுத்துவிட்டார். மில்லில் அவரை நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டை ரம்பத்தில் அவர் தள்ளிவிடும் பலகை நூல் பிடித்தாற்போல வரும். கோடு போடவே வேண்டாம், கண்ணாலேயே அளந்துவிடுவார். எதிர்ப்பக்கம் நின்று பலகையை இழுத்து வாங்குவது அவள் தம்பி. அவனும் இவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தான். காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள், சாயங்காலம் இருவரும் தலையிலிருந்து கால்வரை மரத்தூளோடு சேர்ந்து வருவார்கள். ரம்பம் ஓடும்போது பேசினால் காது கேட்காது. அதனால் எல்லாம் கையால் தட்டுவதுதான், அதிர்வு பலகை வழியே எதிராளி கைக்குப் போய்விடும். பலகையில் ஒரு தட்டு தட்டினால் தள்ளு, இரண்டு தட்டினால் நிறுத்து. அவ்வளவுதான் பாஷை.

அந்த டாக்டர் பார்த்தபோது சர்க்கரை முந்நூற்று நாற்பது இருந்தது. இரண்டு மாத்திரை எழுதினார். சின்னது சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், பெரியது சாப்பிட்ட பிறகு. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மாத்திரையும் தாளும் கொடுத்த பெண் ஏதேதோ சொன்னாள். பின்னால் பதினான்கு பேர் நின்றதால் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்வதுபோல மூச்சு விடாமல் சொன்னாள். இவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “எப்பங்க சரியாகும்?” அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, “கட்டுப்பாடா இருந்தா நல்லாயிருக்கலாம்” என்றாள். அது போதும் இவளுக்கு. கட்டுப்பாடு என்றால் இவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

மறுநாளிலிருந்து வீட்டில் சோறு வேகவில்லை. அரிசி டப்பாவைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டாள். காலையில் இரண்டு முட்டை. மதியத்துக்கு வேகவைத்த முட்டைக்கோஸும் பீன்ஸும், மேலே ஒரு துண்டு மீன். ராத்திரிக்குக் கீரை. தானும் அதையேதான் தின்றாள். தம்பி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மில் வாசலில் இருந்த கடையில் ரொட்டி தின்றுவிட்டு வீட்டில் வந்து கீரையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“மாப்ள வாயில வெண்ணெய் வாசம் வருது” என்று புருஷன் ஏக்கத்தோடு மோந்து பார்த்தார். “இந்த முட்டைக்கோஸைப் பாரு, நான் அதைப் பாக்கறேன், அது என்னைப் பாக்குது. ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒண்ணுமில்ல.”

“சாப்பிடுங்க.”

“சாராயத்தை விட்டேன். பீடியை விட்டேன். இப்பச் சோத்தையும் விட்டாச்சு. இனி விடறதுக்கு உசுருதான் பாக்கி.”

“வாயைக் கழுவுங்க. பேச்சைப் பாரு.”

சிரித்தார்கள். முதல் வாரம் அப்படித்தான் போயிற்று. தாகம் குறைந்தது. ராத்திரி நாலுமுறை எழுந்து போனவர் ஒருமுறைதான் போனார். காலில் இருந்த புண் ஓரம் கட்டிக் காய ஆரம்பித்தது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டார். சலவைக்கூடத்தில் அவளோடு சேர்ந்து விரிப்பு மடிப்பவள் ஒரு நெட்டை. ஆள் உயரம், அதனால் பெயரே நெட்டை. அவளிடம் இவள் பெல்ட் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போயிற்று. அதிலும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். எழுதிய அன்று அவர் மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு தின்கிற ஆள். அந்த ஆளுக்கு எழுதிய மாத்திரை அது. இப்போது அந்த ஆள் இல்லை, சோறும் இல்லை, மாத்திரை மட்டும் அப்படியே இருந்தது. இதை யோசித்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது வாரம் கை நடுங்க ஆரம்பித்தது.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. வெளியே துணி காயவில்லை என்பதால் வீடு முழுக்கக் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் முகம் கழுவக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மழைக்குளிரில் எங்கிருந்து வியர்வை? தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். டம்ளர் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. பாதி தண்ணீர் சட்டையில் கொட்டியது.

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்த்தான்.

“அக்கா, அதே நடுக்கம்” என்றான் தம்பி மெதுவாக.

“அதேதான்டா.”

“மில்லுலயும் பதினோரு மணிக்கு மேல இப்படித்தான் வருது. நேத்து ரெண்டு தரம் வந்துச்சு. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார்.”

“அன்னிக்கும் எரிஞ்சுதானே விழுந்தார். தட்டைத் தூக்கி அடிச்சாரே, ஞாபகமில்ல?”

“என்னடி ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க?” என்றார் அவர். “உள்ளுக்குள்ள என்னமோ பறக்குது. கண்ணு இருட்டுது. ஒரு வாய் சோறு இருந்தா...”

“உடம்பு கேக்குதுங்க. இத்தனை வருஷம் சோறும் இனிப்புமா தின்னு பழகின உடம்பு. விட்டா சும்மா இருக்குமா? ஆடித்தான் அடங்கும். நீங்க பாக்காததா?”

சொல்லும்போது அவளுக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. நடுக்கம் வந்துவிட்டது என்றால் நோய் உடம்பை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஏழெட்டு நாள். அவள் எழுந்து போய் அவர் பின்னால் நின்று, பழையபடி இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“தாங்குங்க. நான் இருக்கேன்ல, தாங்குங்க.”

சாப்பாடு ஆகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். கீரையும் இரண்டு முட்டையும் தின்று வெகுநேரம் கழித்து நடுக்கம் மெல்லத் தணிந்தது. பார்த்தீர்களா என்று கண்ணாலேயே கேட்டாள். அவரும் தலையை ஆட்டினார். தன்னைவிட அவளைத்தான் அவர் நம்பினார். அவள் சொல்லித்தானே மனுஷனானார்.

நாலு நாள் கழித்துத் தம்பி ஒரு சேதி கொண்டுவந்தான். அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து அடுப்படிக்கு வந்தான்.

“அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. மாமா சட்டைப் பையில மிட்டாய் வச்சிருக்கார். எலுமிச்சை மிட்டாய். நடுக்கம் வந்தா திரும்பி நின்னு வாயில போட்டுக்கறார். நான் பாக்கலைன்னு நினைப்பு.”

அவளுக்கு, குடித்த காலத்தில் விறகுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் அவர் ஒளித்துவைத்த பாட்டில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு தெரு தள்ளி இருந்த மில்லுக்கு நடந்தாள்.

தூறல் விட்டிருந்தது. முற்றத்தில் கிடந்த தடிகள் நனைந்து கறுத்திருந்தன. ஈரமரம் அறுபடும் புளிப்பு வாசம் வாசலிலேயே முகத்தில் அடித்தது. கொட்டகைக்குள் ரம்பத்தை நிறுத்தியிருந்தார்கள், அதன் பட்டை மட்டும் வேகம் குறைந்து கடைசிச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று, நடுங்கும் விரலால் மிட்டாய்த் தாளைப் பிரிக்க முடியாமல் பல்லால் கிழித்து மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாகத்தான் பிடித்தாள்.

“துப்புங்க” என்றாள்.

அவர் துப்பவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “கொஞ்சம் கேளு” என்றார். “கோவப்படாம கேளு. இதை வாயில போட்டா அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது. நிஜமா நின்னுடுது. கண்ணு தெளியுது. அது ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா நின்னுடுது.”

“அன்னிக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னீங்க. ஒரு வாய் குடு, நின்னுடும்னு.”

அவர் அவளையே பார்த்தார். அதே வார்த்தைதான். மிட்டாயை உள்ளங்கையில் துப்பினார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு மூன்று எடுத்தார். பேன்ட் பையிலிருந்து, அவள் சந்தேகமே பட்டிருக்க மாட்டாள், இன்னும் இரண்டு எடுத்தார்.

“இந்தா. இதையும் வச்சுக்க. இருந்தா கை போகும்.”

“என் மேல சத்தியம் பண்ணுங்க.”

“உன் மேல சத்தியம். இனி தொட மாட்டேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “ரம்பத்துகிட்ட நிக்கறப்பதான் பயமா இருக்கு” என்றார்.

தம்பி மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, “நான் எதிர்ல இருக்கேன்ல மாமா, பாத்துக்கறேன்” என்றான்.

அவள் ஐந்து மிட்டாயையும் போகிற வழியில் சாக்கடையில் போட்டாள்.

இது நடந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவளும் நெட்டையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். உதறி, நீட்டி, மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தி நடந்துபோய் இன்னொருத்தி கையில் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அறுபது விரிப்பு.

“உன் வீட்டுக்காரரை நேத்து பஸ் ஸ்டாப்புல பாத்தேன்” என்றாள் நெட்டை. “பேயறைஞ்ச மாதிரி நிக்கறார். நான் கூப்பிட்டதுகூடக் காதுல விழல. ரொம்பத்தான் இறுக்கறடி நீ.”

“இறுக்காம விட்டவங்க வீட்டுலதான் கால் எடுத்திருக்காங்க.”

“அதுக்கில்ல...”

“இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்தான்க்கா. அதுக்கப்புறம் நீயே பாரு.”

நெட்டை விரிப்போடு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தபோது மில் காவலாளி வாசலில் வந்து நின்றார். வயசானவர், ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. “அம்மா, உங்க தம்பி கை... ரம்பத்துல... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க” என்றார். அவள் விரிப்பைக் கீழே போட்டாள். “உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போயிருக்காங்கம்மா. அவருக்கு அடி ஒண்ணுமில்ல. ஆனா...” என்று நெட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “திரும்ப ஆரம்பிச்சுட்டார் போலம்மா. தள்ளாடறார். பேர் கேட்டா சொல்லத் தெரியல.”

நடந்தது இதுதான். பலகையில் ஒரு கணு சிக்கி, சிம்பு ஒன்று ரம்பத்தோரம் நிமிர்ந்துகொண்டது. தம்பி இரண்டு தட்டு தட்டிவிட்டு அதை எடுக்கக் கை நீட்டினான். ஏழு வருஷமாக அந்த இரண்டு தட்டுக்கு நிற்காத பலகை கிடையாது. அன்று அவர் நேராக அவனைப் பார்த்துக்கொண்டே தள்ளினார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து, அதன்மேல் மரத்தூள் மாவு பூசினாற்போல அப்பியிருந்தது. கைமுட்டியில் ரத்தம். அவர் ரத்தம் இல்லை. மில் மேனேஜர் சுவரில் சாய்ந்து நின்று, “பழைய புத்தி எங்க போகும்?” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள். எங்கே அடி என்று பார்க்கவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

பட்டினி வயிற்றின் வாடைதான் வந்தது.

“எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “சொல்லுங்க! எங்க வச்சிருந்தீங்க?”

அவர் சிரிப்பதுபோல வாயைக் கோணினார். பிறகு பெஞ்சிலிருந்து ஒரு மூட்டை சரிவதுபோலத் தரையில் சரிந்தார்.

ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்தாள். “முப்பத்தொம்பது” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். “சுகர் முப்பத்தொம்பது, குளுக்கோஸ் எடு!”

“முப்பத்தொம்பதா?” என்றாள் இவள். “முந்நூத்தி நாப்பது இருந்துச்சுங்க. அவ்வளவு குறைஞ்சிடுச்சா?”

அந்த ஒரு கணம் அவள் முகம் மலர்ந்துதான் இருந்தது. அதற்காகப் பின்னால் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்படிக் குறைஞ்சா உசுரே போயிடும்மா. மாத்திரை போடறாரா? என்ன சாப்பிட்டார் காலையில?”

“ரெண்டு முட்டை.”

“சோறு? ரொட்டி?”

“பத்தொம்பது நாளா எதுவும் கிடையாதுங்க. நான் கொடுக்கறதில்ல.”

நர்ஸ் ஊசியைச் செருகிக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, வேலை அவசரம்தான் இருந்தது. “மாத்திரை பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும், உள்ள சாப்பாடு இருக்கணும்ல? சாப்பாட்டை நிறுத்தறதா இருந்தா டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரையைக் குறைச்சிருக்கணும். நடுங்கியிருக்குமே? வியர்த்திருக்குமே? அப்ப ஒரு மிட்டாய் வாயில போட்டிருந்தா போதுமேம்மா. அஞ்சு நிமிஷத்துல சரியாயிருப்பார். யாரும் சொல்லலையா?”

“அவர் சொன்னார்” என்றாள் இவள்.

தம்பிக்கு வலதுகையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மறுநாள் காலைதான் அவனைப் பார்க்க விட்டார்கள். தலையணை அளவுக்குக் கட்டுப் போட்ட கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கிடந்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊரெல்லாம் குடி என்று பேசுவதை அவனாவது நம்பக்கூடாது என்று, ராத்திரி முழுக்க உருப்போட்டதை ஒரே மூச்சில் சொன்னாள். மாத்திரை, சோறு, நடுக்கம், மிட்டாய், எல்லாம். “அவர் குடிக்கலடா. நான்தான்டா. எல்லாம் நான்தான்.”

“மிட்டாய் வச்சிருக்கார்னு சொன்னது நான்தானேக்கா” என்றான்.

“நீ நல்லதுக்குத்தானடா சொன்ன.”

“காலையில மேனேஜர் வந்தார். குடிச்சிருந்தாரான்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்.”

“மாத்திச் சொல்லணும்டா. நர்ஸ்கிட்ட எழுதி வாங்கித் தரேன். ஏழு வருஷம் அந்த மனுஷன்...”

“வேணாம்க்கா.” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “குடிச்சிருந்தார்னே இருக்கட்டும். அவர் மேல கோவப்பட்டு எனக்குப் பழக்கம் இருக்கு. உன் மேல கோவப்பட்டுப் பழக்கமில்ல. என்னால கத்துக்க முடியாது.”

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

புருஷன் கீழ்த்தளத்து வார்டில் இருந்தார். அந்த மாத்திரையின் வீரியம் இன்னும் உடம்பில் இருக்கிறது, விட்டு விட்டுச் சர்க்கரை இறங்கும் என்று இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் தட்டில் ரொட்டி இருந்தது. ஒரு துண்டு கடித்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. கண்ணில் மட்டும் ஒரு மிரட்சி. பழைய காலத்தில், விடிந்து எழுந்ததும் ராத்திரி என்ன செய்தோம் என்று தெரியாமல் விழிப்பாரே, அந்த மிரட்சி.

“மாப்ள கை போயிடுச்சாமே” என்றார். “பக்கத்து பெட்காரர் சொன்னார். நான்தான் தள்ளினேனாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. காலையில ரம்பத்தைப் போட்டது ஞாபகமிருக்கு, அதுக்கப்புறம் இல்ல.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மறைக்காமச் சொல்லு. நான் குடிச்சேனா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார். மேலே படுத்திருக்கிறவனும் அதைத்தான் கேட்கிறான். மேனேஜரும் ஊரும் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறார்கள். அவள் ஒருத்தி ஒத்துக்கொண்டால் அவளுக்கு இந்த ஜென்மத்துக்கும் கேள்வி கிடையாது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்பதும் உண்மை.

“இல்லைங்க” என்றாள். “ஒரு சொட்டுத் தொடல நீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்பாடா” என்றார். “அப்பாடா. அது போதும்.” கண்ணோரம் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு, “அப்ப எப்படி?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். நர்ஸ் சொன்ன அதே வரிசையில், எதையும் விடாமல் சொன்னாள். மிட்டாய் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாயிருக்கும் என்பதையும் சொன்னாள். முடித்த பிறகு அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விரலும் அப்படியே இருந்தன.

“வெள்ளிக்கிழமை காலையிலயும் வந்துச்சு” என்றார் கடைசியில். “வழக்கத்தைவிட ஜாஸ்தி. வாசல்லயே கடை. ரெண்டு எட்டு வச்சா மிட்டாய்.” அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துவிட்டு வந்து சொல்கிறவர்போலத்தான் சொன்னார். “நீ தாங்கச் சொன்ன. நான் தாங்கினேன்.”

அவள் ரொட்டித் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.